ஒன்பதாம் வளைவு ஏன் இறங்கிக்கொண்டே இருந்தது

போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் உட்கோட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் பிரபு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். அதுவரை என்னை நேரில் பார்த்ததில்லை.

"சலீம் பாய்ங்களா? ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

புளி ஏற்றப் போன லாரி ஒன்று கைபேசி வரைபடத்தை நம்பி, ஜமுனாமரத்தூர் மலைப்பாதையிலிருந்து பழைய சாலைக்குள் திரும்பிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் சாலைக்குக் குறுக்கே ஆள் உயரப் பள்ளம். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல் டிரைவர் அரை நாள் அங்கேயே நின்றிருக்கிறார். பிரபு கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தால், 'மாநில நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து இந்த ஆறு கிலோமீட்டர் நீக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரிதான் இருந்ததாம்.

"இன்னா காரணம்னு எங்கயும் எழுதலீங்க பாய். அந்தப் பள்ளத்த யாருங்க தோண்டுனது?"

"நாங்கதான்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல் "ஏங்க?" என்று கேட்டார். நாற்பது நிமிடம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வாணியம்பாடிக்காரன். தகப்பனாரும் இரண்டு அண்ணன்களும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர்கள். தோல் வாசனை எனக்குப் பிடிக்காததால் ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்து, சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். ரோடு இன்ஸ்பெக்டர் என்றால் பெரிய அதிகாரி என்று என் அம்மா கடைசிவரை நம்பினார். உண்மையில் நாங்கள் நடக்கிற ஆட்கள். எங்கே குழி, எங்கே அடைப்பு, எந்த மரம் சாய்கிறது என்று பார்த்து, கேங்மேன்கள் என்ற சாலைக் கூலியாட்களை வைத்துச் சரிசெய்து, மேலே எழுதி அனுப்ப வேண்டும். சமவெளியில் சில வருடம் இதைச் செய்த பிறகு ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள்.

எனக்குக் கொடுத்த சாலை, மலையடிவாரத்திலிருந்து ஏறி இலுப்பக்கொல்லை என்ற ஊரைத் தொட்டு ஜமுனாமரத்தூர் போவது. முதலில் அது காட்டு மரம் இறக்குவதற்காகப் போட்ட வண்டித் தடம் என்று பழைய கேங்மேன்கள் சொன்னார்கள். பிறகு ஒன்றியச் சாலையானது, அப்புறம் மாவட்டச் சாலை, கடைசியில் மாநில நெடுஞ்சாலை. ஒவ்வொரு முறை பதவி உயர்ந்தபோதும் புதிய கிலோமீட்டர் கல் நட்டார்கள், பழையதைப் பிடுங்கவில்லை. அதனால் ஒரே இடத்தில் மூன்று கற்கள் மூன்று வெவ்வேறு தூரம் காட்டும். புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சாலைக்கு நமக்குத் தெரியாத கதை இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று தோன்றும்.

ஒன்பதாம் வளைவு இலுப்பக்கொல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குப் பக்கம் கருங்கல்லால் கட்டிய தடுப்புச் சுவர். அந்த வளைவில் சாலை வருடா வருடம் மூன்று விரல் அளவு இறங்கும். நாங்கள் ஜல்லி கொட்டி, தார் போட்டு மட்டம் செய்வோம். அடுத்த வருடம் மறுபடி இறங்கும். எனக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் செய்தார்.

பதினோரு வருடம் இப்படிப் போன பிறகு உதவிப் பொறியாளராகக் கலைச்செல்வி மேடம் வந்தார். மன்னார்குடிப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மலையை அதற்கு முன் ரயில் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்பதாக அவரே சொன்னார். ஜீப்பில் உட்கார்ந்தபடி சாலையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு சிறுபாலத்திலும் இறங்குவார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, குழாய்க்குள் தலையை விட்டுப் பார்ப்பார். யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கும்.

முதல் நாள் ஒன்பதாம் வளைவில் நின்றபோது நான் சொன்னேன்: "இந்த எடம் மழைல எறங்கும் மேடம். வருஷா வருஷம்."

"மழையிலயா, மழைக்கு அப்புறமா?"

"மழைலதான் மேடம்."

"நீங்க பாத்தீங்களா பாய், கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அது இறங்குவதை நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முடிந்து, வேலைக்கு உத்தரவு வந்து, நாங்கள் போய்ப் பார்க்கும்போது இறங்கியிருக்கும். மழையில்தான் என்று எனக்கு முந்தியவர் சொன்னார், நானும் சொன்னேன்.

"கேட்டதுதான் மேடம்."

"சரி, பாத்துருவோம்" என்றார்.

முதலில் வளைவின் ஓரத்தில் ஒரு குழி வெட்டினோம். சாலையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க. மற்ற இடங்களில் தாரும் ஜல்லியும் சேர்ந்து ஒரு முழம் இருந்தால் அதிகம். அங்கே வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி. கேங்மேன் முனிரத்தினம் குழிக்குள் இறங்கி நின்றபோது இடுப்பு மறைந்தது. இன்னும் கீழே போனதும் செம்மண், அதற்கும் கீழே கையால் அடுக்கிய பெரிய கற்கள். வண்டித் தடம் போட்ட காலத்துக் கல்.

முனிரத்தினம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "பாய், நம்ம போட்டது மட்டும் இல்ல. நம்ம அப்பன்மாருங்க போட்டதும் இங்கதான் கெடக்குது."

என் வேலைக்காலம் முழுவதும் அந்தக் குழியின் ஒரு பக்கத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. இறங்க இறங்க நாங்கள் பாரம் ஏற்றியிருக்கிறோம். பாரம் ஏற ஏற அது இறங்கியிருக்கிறது. மேடம் என்னைக் குறை சொல்லவில்லை. "இது எது மேல உக்காந்துருக்கு, அதக் கண்டுபிடிக்கணும்" என்றார்.

அடுத்தது கண்ணாடி. தடுப்புச் சுவரில் இருந்த விரிசல்களுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதினோம். கண்ணாடி வளையாது. சுவர் மயிரளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை பார்த்து எழுதுவது என் வேலை. ஐப்பசி மழை அடித்தது, கார்த்திகையில் அதைவிடப் பெரிய மழை. நான் குடையோடு போய்ப் பார்ப்பேன். ஒரு துண்டுகூட உடையவில்லை. எனக்கே ஆச்சரியம். மழை நின்றது, பொங்கல் முடிந்தது. காய்ந்த வெயிலில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் மூன்று துண்டுகள் குறுக்கே உடைந்து கிடந்தன.

மழையில் அசையாத சுவர் வெயிலில் ஏன் அசைந்தது? இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பதில் சொன்னவர் வெள்ளச்சி. வளைவுக்கு மேலே சரிவில் அவருக்குக் கொஞ்சம் நிலம். சாமை போடுவார், நாலைந்து பலா மரம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பல நாள் பார்த்தவர், அன்று இறங்கி வந்து கேட்டார்.

"இன்னாங்க தேடுறீங்க? எதுனா காணாமப் பூடுச்சா?"

மேடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வெள்ளச்சிக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"ரோடு போடறதுக்கு மின்னாடி இங்க ஊத்து இருந்துதாம். தை மாசம்தான் பொங்குமாம். எங்க மாமியா சொல்லும். கல்லப் போட்டு மூடிட்டாங்களாம்."

"நீங்க பாத்தீங்களாம்மா, கேட்டீங்களா?"

"கேட்டதுதாங்க. ஆனா மேல ஒரு எடம் இருக்குது. ஓடையில வர்ற தண்ணி பொசுக்குனு உள்ள பூடும். அத நானே பாத்துருக்கறேன். வர்றீங்களா?"

ஏறிப் போனோம். முக்கால் மணி நேர ஏற்றம். மேலே ஓடைத் தண்ணீர் பாறை இடுக்கு ஒன்றில் சத்தமில்லாமல் இறங்கிக் காணாமல் போனது. இடுக்குக்கு அப்பால் ஓடையே இல்லை. அந்தத் தண்ணீர்தான் வளைவுக்கு வருகிறதா? வந்தால் எத்தனை நாளில்? எங்கே வெளியே போகிறது?

சாயம் கலந்து பார்க்கலாம் என்றார் மேடம். தோல் ஷாப்பில் அண்ணனிடம் இல்லாத சாயமா, நாளைக்கே ஒரு டின் கொண்டு வருகிறேன் என்றேன். உடனே அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"கீழ இந்தத் தண்ணிய யாரு குடிக்கிறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தோல் கழிவில் கெட்டுப்போன பாலாற்றின் கரையில் வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைசியில் எங்கள் தெருவில் கல்யாண பிரியாணி சமைக்கும் மாஸ்டரிடம் போய்க் கலர் பவுடர் கேட்டேன். எவ்வளவு வேண்டும் என்றார். இருக்கிறதெல்லாம் என்றேன். எத்தனை படி அரிசி என்றார். ஒரு மலைக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூட்டையைக் கொடுத்தார்.

பவுடரை இடுக்கில் கரைத்து விட்டோம். சுவரின் நீர்த்துளைகளிலும், கீழே சரிவில் ஈரம் தெரிந்த இடங்களிலும் வெள்ளைத் துணிகளைக் கட்டி வைத்தோம். தினமும் போய்ப் பார்க்கிற வேலையை வெள்ளச்சியே ஏற்றுக்கொண்டார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாம் நாள் நான் மொபெட்டை நிறுத்தும்போதே சரிவிலிருந்து கூவினார்.

"பாயி! செவந்துடுச்சி! ஓடியாங்க!"

சுவரின் துளைகளில் கட்டிய துணிகள் வெள்ளையாகவே இருந்தன. சுவருக்கு வெகு கீழே, ஒரு பெரும்பாறையின் அடியில் கட்டிய துணி மட்டும் ஆரஞ்சாக மாறியிருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மேடம் வந்து பார்த்தார்.

"சுவருக்குள்ள வரலை பாய். சுவருக்கு அடியில போகுது. கீழ வழவழன்னு சாஞ்ச பாறை, மேல மண்ணு, ரெண்டுக்கும் நடுவுல தண்ணி. மழைத்தண்ணி மலைக்குள்ள மெதுவா ஊறி எறங்கி இங்க நெறையுறதுக்குத் தை ஆயிடுது, அதான் வெயில்ல நகருது. நம்ம சுவரு, ரோடு, நீங்க காட்டுன அவ்ளோ தாரு, எல்லாம் அந்த மண்ணு மேல உக்காந்துருக்கு. எத்தனை சுவரு கட்டினாலும் நிக்காது."

அறிக்கை எழுதினார். இந்த வளைவை விட்டுவிட்டு மலையின் மறுசரிவில் புதிய பாதை போட வேண்டும் என்று. மேலே போன அறிக்கை மேலேயே இருந்தது. ஒரு வருடம் ஓடியது.

அடுத்த தை மாதம், ஒரு காலை ஏழு மணிக்குப் போனேன். எல்லாக் கண்ணாடிகளும் உடைந்திருந்தன. சாலை நடுவில் வளைவு நெடுக ஒரு விரிசல் இருந்தது, முந்தின நாள் அது இல்லை. என் கைவிரல் இரண்டாம் கணு வரை உள்ளே போனது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஏழரைக்கு இலுப்பக்கொல்லையிலிருந்து பஸ் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும் ஒரே பஸ். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குச் சுமை கொண்டு போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான். அதை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. முனிரத்தினமும் நானும் கற்களை உருட்டிக் குறுக்கே போட்டோம். சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு நடுவில் நின்றேன்.

டிரைவர் இறங்கி வந்தார். "இன்னா பாய் இது? நேத்து சாயந்தரம் இதுமேலதான வந்தேன்?"

"இன்னிக்கி போவக் கூடாதுங்க. ஆளுங்க எறங்கி மலையோரமா நடந்து வரட்டும். வண்டி திரும்பட்டும்."

"மழையா, காத்தா? வெயிலுல ரோடு விழுமா?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். வெள்ளச்சி தலையில் சாமை மூட்டையோடு முன்னால் வந்தார். அதுவரை என்னை 'நீங்க' என்று பேசியவர், அன்று 'நீ' என்றார்.

"நான் துணி கட்டிக் காட்டுனதுக்கு எங்க பஸ்ஸ நிறுத்துறியா நீ? இதுக்குத்தான் என்ன மலைமேல ஏத்தி எறக்குனியா?"

எல்லோரும் மலையோரமாக வரிசையாக நடந்து போனார்கள். வெள்ளச்சி திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் மேடம் வந்து, விரிசலில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, போக்குவரத்து நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாலை விழவில்லை. மறுநாளும் விழவில்லை. ஒரு வாரம் ஆனது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் பத்துப் பேரோடு வந்து, "ரோடு நல்லா கல்லாட்டம் கெடக்குதே சார்" என்று வளைவில் நின்று குதித்துக் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாவது வாரம் மேலதிகாரி ஒருவர் மேடத்துக்குப் போன் செய்து பாதையைத் திறக்கச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் சார், திறக்கிறேன் என்றார் மேடம். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. எழுத்தில் வரவில்லை. திறக்கவும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவர் என்னிடம், "ஒருவேளை நாம தப்பா பாத்துட்டோமா பாய்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நான் தினமும் காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருந்தேன். மதியத் தொழுகையை வளைவுக்குச் சற்று மேலே, சாலையோரத்தில் துண்டு விரித்துத் தொழுதேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வெள்ளச்சி சரிவில் மூச்சு வாங்க ஓடி வந்தார். பஸ்ஸை நிறுத்திய நாளிலிருந்து என்னோடு பேசாதவர்.

"பாயி, அந்தப் பாறைக்கடியில தண்ணி கலங்கி வருது. எப்பவும் பளிங்காட்டம் வரும். இன்னிக்கி செவசெவன்னு சேறா வருது."

இது கலர் பவுடர் இல்லை, சாலைக்கு அடியிலிருந்த மண்ணே கரைந்து வெளியேறுகிறது. முனிரத்தினத்தைக் கீழ்ப்பக்கம் ஓடச் சொன்னேன், யாரும் நடந்துகூட வராதபடி. நான் மேல்பக்கம் நின்றேன். வெள்ளச்சி என் பக்கத்தில் நின்றார். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தடுப்புச் சுவர் நின்ற நிலையிலேயே, ஒரு கல்கூடச் சிதறாமல், சாலையையும் தூக்கிக்கொண்டு மெதுவாகக் கீழே வழுக்கிப் போனது. வளைவில் நின்ற மூன்று கிலோமீட்டர் கற்களும் அதோடு போயின. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், சாய்ந்த வழவழப்பான பாறை ஈரத்தோடு மின்னியது. மேடம் அறிக்கையோடு வரைந்து அனுப்பிய படத்தில் இருந்த அதே பாறை.

வெள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மறுசரிவில் புதிய பாதை வந்தது. பழைய ஆறு கிலோமீட்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி வனத்துக்கு விட்டார்கள். தெரியாமல் யாரும் வண்டியோடு வந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டினோம். ஆனால் புதிய பாதை இலுப்பக்கொல்லையைத் தொடவில்லை. ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்கு ஒரு ஏற்றம் ஏறிப் போக வேண்டியதாயிற்று. இணைப்புச் சாலை வர வெகுகாலம் ஆனது. நாங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தோம். அதற்கு விலை கொடுத்தது அந்த ஊர். மேடம் மாற்றலாகிப் போகும்வரை அந்த இணைப்புச் சாலைக்காக எழுதிக்கொண்டே இருந்தார்.

பிரபுவுக்கு நேரில் காட்டலாம் என்று போன வாரம் அவரோடு பைக்கில் போனேன். சாலை இருந்த இடத்தில் உன்னிச்செடி மண்டிக் கிடக்கிறது. ஒன்பதாம் வளைவில் பாறைமேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூடிக்கிடந்த ஊற்று திறந்த பிறகு ஊரார் அங்கே சின்னத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். வெள்ளச்சி குடத்தோடு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்தது அவருக்கு. பிரபுவைக் காட்டி, "இவருதான் இப்ப ரோட்டு சாரா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு திடீரென்று கேட்டார்.

"அந்த பத்தொம்போது நாளும் இங்க துண்டு விரிச்சி தொழுவீங்களே பாயி. இன்னா வேண்டிக்கினீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"ரோடு விழணும்னு வேண்டிக்கினேன்மா. ஆளு இல்லாத நேரமாப் பாத்து விழணும்னு. விழலன்னா என்னால தலை காட்ட முடியாதுன்னு இருந்துச்சி."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். குடத்தைத் தொட்டியில் அமுக்கி நிரப்பிக்கொண்டே சொன்னார்:

"நான் விழக் கூடாதுன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன். கோழி அறுக்கறேன்னு."

"அறுத்தியாம்மா?"

"விழுந்துதே, எதுக்கு அறுக்கறது?" குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஆனா தண்ணி கலங்குதுன்னு ஓடியாந்து சொன்னது நானுதான, பாயி?"

"நீதாம்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போனார்.